இரண்டாவது சாவி

இன்று காலை மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய சானிடைசர் பாட்டில் உருண்டு வந்தது. திறந்தேன். அந்த ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும் உன்மேல் இருந்த வயிற்றெரிச்சல் அப்படியே கிளம்பிவிட்டது. செத்துப்போனவள்மேல் பொறாமைப்படுவார்களா என்று கேட்காதே. நான் படுகிறேன்.

கொரோனா வந்த அந்த வருடம் நம் வங்கியின் பாளையங்கோட்டைக் கிளையில் ஒரே ஒருவருக்குத்தான் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கிடைத்தது. நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். உனக்குக் கடன் பிரிவு, எனக்குக் கேஷ் கவுண்டர். மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கவுண்டர வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவியாம்மா?" நீ லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போனாய். நான் கண்ணாடிக்குப் பின்னால் முகக்கவசத்தோடு உட்கார்ந்தேன்.

மறுநாளே கூத்து. பணம் வைக்கும் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், மற்றது உன்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். உன்னை அனுப்பிய அவசரத்தில் உன் சாவியை வாங்கி வேறு ஆளிடம் ஒப்படைக்க யாருக்குமே தோன்றவில்லை. வெளியே பென்சன்காரர்கள் சுண்ணாம்பு வட்டங்களுக்குள் நிற்க, உள்ளே நாங்கள் பூட்டிய கதவின் முன்னால் நின்றோம். குறுக்குத்துறை ஆற்றங்கரை வீட்டிலிருந்து நீ ஸ்கூட்டரில் வந்தாய். வழக்கம்போல உன் சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டு, "ம், நீ போடு ஏட்டி" என்றாய்.

கதவு திறந்த பிறகும் நீ கிளம்பவில்லை. உன் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தாய்.

"கொஞ்ச நேரம் இங்கனயே இருந்துட்டுப் போறேன்."

சொகுசாக இருப்பவள் எங்களை வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மகாராணிக்கு ஆத்தங்கர வீடு அலுத்துட்டோ?" என்றேன். மேனேஜர் வந்து சாவியை வாங்கிக்கொண்டு உன்னை அனுப்பிவைத்தார்.

எனக்கு வேறு எப்படிப் பேச வரும்? மாலையில் பின்வாசலில் குளித்துவிட்டுத்தான் என் வீட்டுக்குள் நுழைவேன். மூன்று வயது மகள் கையை நீட்டிக்கொண்டு ஓடிவருவாள். என் மாமியார் அவளைப் பிடித்து நிறுத்துவார். வீடியோ மீட்டிங்கில் நீ தெரிவாய், உன் மடியில் உன் மகன் இருப்பான். நான் திரையைப் பார்க்க மாட்டேன்.

ஒரு நாள் நீயே போனில் கொட்டினாய். "உன்ன நெனச்சா எனக்குப் பொறாமையா இருக்குட்டி. வீட்ல இருந்து பாக்கதும் வேலதான்னு இங்கன யாரு நம்புதா? ஒரு கையில லேப்டாப்பு, ஒரு கையில தோசக்கரண்டி. மாமா நெனச்சப்பல்லாம் காப்பி கேக்காவ. நீயாவது நாலு மொகத்தப் பாத்துட்டு வார."

"வந்து என் சீட்டுல உக்காரு, தெரியும்."

"தந்தா இன்னைக்கே வாரேன்."

இருவரும் சிரித்தோம். இருவருமே விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அடுத்த அலையில் உன் வீட்டில் எல்லாருக்கும் காய்ச்சல். எல்லாரும் எழுந்துவிட்டார்கள், நீ மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. பாதி ஊர் என் கண்ணாடி முன்னால் வந்து இருமிவிட்டுப் போனது. எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் விடவில்லை.

சென்ற மாதம் உன் கணவர் கிளைக்கு வந்திருந்தார். "கடைசி ஒரு வருசம் எங்க கூடவே இருந்தா. அந்த மட்டுல நிம்மதி" என்றார். தலையாட்டினேன். உள்ளே எரிந்தது. அதற்கு முன்பு பகல் முழுக்க என் பக்கத்தில் இருந்தவள் நீ. என் டிபன் பாக்ஸைக் கேட்காமலே திறப்பவள். அந்தக் கடைசி வருடத்தை அந்த வீடு மொத்தமாக எடுத்துக்கொண்டது, காப்பி கேட்டுக் கேட்டே தீர்த்தது. அப்போது வீடு கிடைத்த உன்மேல் பொறாமைப்பட்டேன். இப்போது நீ கிடைத்த அந்த வீட்டின்மேல் படுகிறேன்.

என் சாவி இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. உன் சாவி புதிதாக வந்த பெண்ணிடம். நல்ல பிள்ளைதான், ஆனாலும் அவள் கையில் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவள் தன் சாவியைத் திருப்பிவிட்டுப் பேசாமல் ஒதுங்கி நிற்பாள். நான் என் சாவியைத் துளையில் வைத்தபடியே நிற்பேன். இன்றும் நின்றேன்.

"என்னக்கா, திருப்ப வரலையா?" என்று கேட்டாள்.

"நீ போடுன்னு சொல்லு" என்றேன்.

ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். பிறகு, "போடுங்கக்கா" என்றாள். திருப்பினேன்.