பெஞ்சுகளை வெளியே போட்ட ஞாயிறு

19-8-73, ஞாயிறு

கோபம் இன்னும் அடங்கவில்லை. காலையில் ஆலயத்துக்குள் நுழைந்தால் பெஞ்சுகளைக் காணோம். எல்லாவற்றையும் வெளியே மரத்தடியில் அடுக்கிவிட்டு, தரையில் பாய் விரித்து, வாசலில் கைகால் கழுவ வாளியில் தண்ணீரும் வைத்திருந்தார் எங்கள் புதுப் பாஸ்டர். பல்லாவரம் தையற்காரர் கரீம் மூன்று மாதமாக ஆராதனைக்கு வருகிறார். அவருக்கு இடம் அந்நியமாகத் தோன்றக் கூடாதாம். இனி வெள்ளிக்கிழமையும் ஜெபமாம்.

ஆராதனை முடிந்ததும் எழுந்தேன். "இது சர்ச்சா, மசூதியா பாஸ்டர்? ஒருத்தருக்காக நாங்க எல்லாரும் மாறணுமா?" பாதிச் சபை கைதட்டியது.

"அவங்க வர்றதுக்கு நாமதான் வழி விடணும் சார்" என்றார் பாஸ்டர்.

"வர்றவங்க நம்ம வழக்கத்துக்கு வரட்டும்" என்றேன்.

கடைசி வரிசையிலிருந்து கரீம் எழுந்தார். "நான் பாயும் கேக்கல, பெஞ்சும் கேக்கல சார். இங்க வர்றேன்னு எங்க ஆளுங்க எங்கிட்ட பேசறதே இல்ல. உங்களுக்கும் நான் பேஜாராத்தான் கீறேன்." செருப்பை மாட்டிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடந்தார். யாரும் கூப்பிடவில்லை. நானும்தான்.

மத்தியானமே பெஞ்சுகளை உள்ளே கொண்டுவந்துவிட்டோம். பாஸ்டரும் ஒரு முனையைத் தூக்கினார். என்னிடம் பேசவில்லை. பேச வேண்டாம். நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப வாங்க மாட்டேன். கரீம் இனி வரமாட்டார். ஒருவேளை வந்துவிட்டால், நகர்ந்து உட்கார்ந்து இடம் விடுவேனா? தெரியவில்லை.