கண்ணாடியைத் துடைத்தால் நான் வர வேண்டும்

மதிப்பிற்குரிய நாணயக் கடைக்காரர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கடிதம் எழுத உட்கார்ந்தால் கேட்டுத்தானே ஆக வேண்டும். நலமாகவே இருங்கள்.

முகவரி எப்படிக் கிடைத்தது என்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம். நீங்கள் விற்கும் ஒவ்வொரு காசோடும் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிக் கொடுக்கிறீர்களே, எங்கள் அலமாரியில் அது ஒரு கட்டு கிடக்கிறது. போனில் பேசியிருக்கலாம். பேசினால் என் குரல் உயர்ந்துவிடும். உயர்ந்தால், 'பாத்தியா, நான் சொன்னேன்ல' என்று உங்கள் தங்கையிடம் சொல்ல உங்களுக்கு வசதியாகிவிடும். காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் தங்கை மகனுக்கு என் மகளைக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். கேட்டு என்பதுகூடச் சும்மா ஒரு பேச்சுக்குத்தான். ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேரும் தாங்களே எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். பெரியவர்கள் நாம் டீ குடித்துவிட்டுத் தலையை ஆட்டினால் போதும். அந்த டீயைக்கூட நீங்கள் யாரையும் குடிக்க விடவில்லை. மற்றவர்கள் எல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள். நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டுக் கடைசியாக வந்தீர்கள். நான் தட்டோடு முன்னறைக்கு வந்தேன். ஒரு காலில் செருப்போடு வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். 'இவங்களா?' என்றீர்கள். எனக்குப் பின்னால் நின்ற என் கணவரைப் பார்த்து ஐயோ பாவம் என்பதுபோல் தலையை ஆட்டினீர்கள். பிறகு குனிந்து உங்கள் தங்கையின் காதில் என்னவோ ஓதினீர்கள். அந்த அம்மாவின் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் ஏதோ அவசர வேலை என்று எல்லோரும் எழுந்துவிட்டீர்கள்.

மறுநாள் உங்கள் தங்கை போன் செய்தார். எனக்கு அல்ல, என் கணவருக்கு. 'எங்க பையன் ரொம்ப சாது. உங்க வீட்டம்மாகிட்ட அவன் தாக்குப்பிடிக்க மாட்டான். பொண்ணும் அவங்க கையில வளந்ததுதானே' என்றாராம். அதற்கு இந்த மனிதர் சொன்ன பதில் என்ன தெரியுமா? 'புரியுதுங்க.' நான் பக்கத்தில்தான் நின்றேன். புரியுதாம்! இருபத்தாறு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவருக்கு அது புரிகிறதாம்!

ஐயா, ஒன்பது வருடமாகக் காசுக் கண்காட்சிகளில் உங்கள் மேசைக்கு முன்னால் நின்று நான் போட்ட சத்தம் அத்தனையும் நாடகம். இதை நிறுத்தி நிதானமாக இன்னொரு முறை படியுங்கள்.

என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஊருக்கெல்லாம் லாப நஷ்டம் சொல்லித் தருவார். காய்கறிக் கடையில் ஒரு சொத்தைக் கத்தரிக்காயை மாற்றிக் கேட்க வாய் வராது. அப்படிப்பட்டவருக்குப் பழைய காசுப் பைத்தியம். கல்யாணமான புதிதில் ஒரு கண்காட்சிக்கு என்னையும் அழைத்துப் போனார். இடுப்பில் குழந்தை, காலில் வலி, மண்டபத்தில் மின்விசிறிகூட ஓடவில்லை. அவரோ ஒரு செப்புக் காசை எடுப்பதும் வைப்பதுமாக நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. 'வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லன்னா கிளம்புங்க, வீட்டுல அரிசி இல்ல' என்று கத்திவிட்டேன். அது நிஜக் கோபம்தான். அந்தக் கடைக்காரர் பதறிப்போய் விலையில் கால் பங்கைக் குறைத்துவிட்டார். வழியெல்லாம் என் கணவருக்கு முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். நான் என்னவோ பெரிய வித்தை காட்டிவிட்டதுபோல் பார்த்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. புதுப் பெண்டாட்டிக்கு அது போதாதா?

அதற்குப் பிறகு அது ஒரு ஏற்பாடாகவே ஆகிவிட்டது. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் கிளம்பிவிடுவோம். மகள் வளர்ந்த பிறகுதான் உங்கள் மேசைக்கு வர ஆரம்பித்தோம். அவர் உங்கள் முன்னால் உட்கார்ந்து, காசை உள்ளங்கையில் வைத்துப் பெருமூச்சு விடுவார். நீங்கள் கடைசி விலை என்று ஒன்றைச் சொல்வீர்கள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்தால் நான் வர வேண்டும். காதைச் சொறிந்தால் இன்னும் சத்தமாகக் கத்த வேண்டும். கத்தி முடித்ததும் விறுவிறுவென்று வாசலுக்குப் போய்த் தண்ணீர்க் கேன் பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்போது அவர் உங்களிடம், 'பாத்தீங்கல்ல சார், இதுக்கு மேல குடுத்தா நான் வீட்டுக்குப் போக முடியாது' என்பார். நீங்கள் இறங்கி வந்துவிடுவீர்கள். ஒரு முறை பரிதாபப்பட்டு அவருக்கு ஒரு ஓட்டைக் காசைச் சும்மாவே கொடுத்தீர்கள். ஒரு முறை உங்கள் பங்கு பிஸ்கட்டையும் கொடுத்தீர்கள். நான் தண்ணீர்க் கேன் பக்கத்தில் பசியோடு நின்றேன். எனக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

நம்பிக்கை வரவில்லையா? வீட்டு வாடகைப் பணத்தைக் காசில் கொட்டுகிறார் என்று மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தினேனே, நினைவிருக்கிறதா? நீங்கள் வந்தீர்களே, அது சொந்த வீடு. அவர் அப்பா கட்டியது. மகளுக்குக் கல்லூரி ஃபீஸ் கட்டவில்லை என்று போன வருடம் அழாத குறையாகச் சொன்னேனே, அப்போதே அவள் வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. குதிரை பொறித்த வெள்ளிக் காசை வாங்கிய அன்று நீங்கள் முதலில் சொன்ன முழு விலையும் அவர் சட்டைப் பையில் இருந்தது, அதற்கு மேலும் இருந்தது.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. மின்சார அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். கரண்ட் இல்லை, பில் தப்பு, மீட்டர் ஓடுகிறது என்று நாள் முழுக்க வந்து மேசையைத் தட்டுகிறவர்களுக்கு, 'உக்காருங்க, தண்ணி குடிங்க, பாத்துச் சொல்றேன்' என்று சொல்வதுதான் என் பிழைப்பு. இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் குரலை உயர்த்தியதில்லை. உங்களிடம் கத்தியதெல்லாம் அவர்களிடம் கற்றதுதான். அந்த வாடகைப் பேச்சை அப்படியே ஒரு மாவு மில்காரரிடமிருந்து எடுத்தேன்.

இப்போது என் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். போன் வந்த அன்றே சொன்னேன், கடைக்காரருக்கு உடனே போன் போட்டு உண்மையைச் சொல்லுங்கள் என்று. மனிதர் நெளிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கி எறியலாம்போல் இருந்தது. கடைசியில் சொன்னார்: 'ஒரு மாசம் பொறு. அடுத்த கண்காட்சியில அந்தக் கப்பல் காசு வருது. வாங்கிட்டுச் சொல்லிடறேன்.' அவருடைய ஆல்பத்தில் ஒரு பக்கத்தில் காசு செருகும் பை ஒன்றே ஒன்று காலியாக இருக்கிறது. கப்பல் பொறித்த அந்த வெள்ளிக் காசு உங்களிடம்தான் இருக்கிறது. இப்போதே உண்மையைச் சொன்னால் நீங்கள் விலையைக் குறைக்க மாட்டீர்கள். அதனால் ஒரு மாதத்துக்கு நான் ராட்சசியாகவே இருந்தால் அவருக்குப் பரவாயில்லை. மகள் அழுதுகொண்டே அலுவலகம் போனாலும் பரவாயில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு மட்டும் போடுகிறேன். பேச்சு கிடையாது.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று நினைக்காதீர்கள். உங்கள்மேலும் இருக்கிறது. ஒரு காசைக் கையில் கொடுத்தால் லென்ஸை எடுக்கிறீர்கள், தராசில் வைக்கிறீர்கள், விளக்கைச் சாய்த்து விளிம்பைப் பார்க்கிறீர்கள். அப்புறமும் 'எதுக்கும் இன்னொருத்தர்கிட்ட கேட்டுச் சொல்றேன்' என்கிறீர்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

இன்னொன்றும் சொல்கிறேன். சொல்லவே கூடாது என்றுதான் இருந்தேன். உங்கள் மேசையில் யாராவது வாங்கலாமா வேண்டாமா என்று இழுத்தால், கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் மூச்சு வாங்க ஓடி வருவார். 'அந்தக் காசு இருக்கா? போன தடவை பாத்தேனே! விலையச் சொல்லுங்க, நான் எடுத்துக்கறேன்' என்பார். இழுத்தவர் பயந்துபோய்ப் பணத்தை எண்ணிவிடுவார். தண்ணீர்க் கேன் பக்கத்தில் நிற்பவளுக்கு வேறு என்ன வேலை, எல்லாம் கண்ணில் படும். மதியம் திரைக்குப் பின்னால் அந்தச் சட்டைக்காரரும் நீங்களும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டதும் பட்டது. நன்றாக நடிக்கிறார். என்னைவிட நன்றாக நடிக்கிறார். ஆனால் வசனத்தைக் கொஞ்சம் மாற்றச் சொல்லுங்கள், ஒவ்வொரு முறையும் அதே 'போன தடவை பாத்தேனே'தான்.

ஞாயிற்றுக்கிழமை அதே மனிதர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் எங்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைப் பையனின் அப்பா. உங்கள் தங்கை கணவர். 'கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?' என்றதுமே குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். நீங்கள் வாசலுக்கு வந்து என்னைப் பார்ப்பதற்கு முன்பே அவரை எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கத்தும் நேரத்தில் அவர் திரைக்குப் பின்னால்தான் இருப்பார், அதனால் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் என்ன செய்தேன்? தண்ணீரைக் கொடுத்துவிட்டு, டீக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன். மோசடிக் குடும்பம் என்று யார் காதிலும் ஓதவில்லை. மச்சானுக்காக விடுமுறை நாளைத் தூக்கிக் கொடுத்து நாள் முழுக்க நிற்கிற மனுஷன், குடும்பத்தைக் கைவிட மாட்டார், பிள்ளையையும் நல்லபடியாகத்தான் வளர்த்திருப்பார் என்று நினைத்தேன். அப்படித்தான் என் புத்தி போயிற்று. உங்கள் புத்தி எப்படிப் போயிற்று என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கணவரிடம்கூட இதை நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் உங்களிடம் இன்னும் கால் பங்கைக் குறைத்திருப்பார். இனியும் சொல்ல மாட்டேன், சம்பந்தம் நடந்தாலும் நடக்காவிட்டாலும்.

நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது. அதை மறைக்கவில்லை. நீங்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு உங்கள் மருமகன் மட்டும் படியேறித் திரும்பி வந்தான். ஆறிப்போன டீயை எடுத்து நின்றபடியே குடித்தான். 'நல்லா இருந்துச்சு அத்தை' என்றான். ஏடு படிந்த டீ, என்ன நன்றாக இருந்திருக்கும்? அப்படி ஒரு பிள்ளை என் மகளுக்குக் கிடைத்தால் எனக்கு வேறென்ன வேண்டும்?

அடுத்த மாதக் கண்காட்சிக்கு நானும் வருகிறேன். உங்கள் மேசைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். என் கணவர் கப்பல் காசை எடுப்பார், பெருமூச்சு விடுவார், கண்ணாடி தேயும் வரை துடைப்பார். நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்கள் சொல்வதுதான் விலை. முழுசாகக் கொடுத்து வாங்கட்டும், இல்லையென்றால் அந்தப் பை காலியாகவே கிடக்கட்டும். ஆனால் அதுவரை என்னால் காத்திருக்க முடியாது.

காரணம் இதுதான். புதன்கிழமை காலையில் என் மகள் வாசலில் உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: 'அம்மா, நீ வெளியில நிஜமாவே அப்படித்தானா?' நான் பெற்ற பிள்ளை கேட்கிறாள் ஐயா. அதெல்லாம் நடிப்பு என்றேன். 'அப்ப அப்பா ஏன் அவங்ககிட்ட சொல்லல?' என்றாள். சாயங்காலம் அவள் அப்பா அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். அம்மாவுக்காகப் பரிந்து பேசுகிறார் என்று நினைத்து, 'சரிப்பா, விடுங்க' என்று எழுந்து போய்விட்டாள். என்னிடம் முன்போல மரியாதையாகத்தான் பேசுகிறாள். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை.

நாங்கள் இரண்டு பேர் சொல்லியும் அவள் நம்பவில்லை. ஏமாந்தவர் நீங்கள். உங்கள் வாயால் வந்தால் நம்புவாள். ஒரு நாள் வந்து போங்கள். கல்யாணப் பேச்சு எதையும் எடுக்க வேண்டாம். அவளை முன்னால் உட்காரவைத்து, உன் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து ஒன்பது வருடம் என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லுங்கள். கோபமாகவே சொல்லுங்கள். எவ்வளவு கோபமாகச் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு நான் உங்களுக்கு நன்றி உள்ளவளாக இருப்பேன்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பெண்ணின் அம்மா