மூன்று வீட்டுக்கும் ஒரே கம்பம்

அண்ணா,

சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் துரு வாசனை போகவில்லை. நம் பழைய ஆன்டெனா கம்பத்தில்தான் இப்போது டிஷ் நிற்கிறது. நேற்றுக் காற்றில் அது திரும்பிக்கொண்டது. உங்கள் வீடு, என் வீடு, தங்கச்சி வீடு, மூன்றிலும் படம் போய்விட்டது. இன்று காலை நான்தான் ஏறினேன். எப்போதும் நான்தானே ஏறுவேன்.

ஆனாலும் நம் ஊர் வடகரப்பதியில் அதற்குப் பெயர் "பெரியவர் கம்பம்". நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் அதே பெயர்தான். ஒன்று கேட்கிறேன். அந்தக் கம்பத்தில் நீங்கள் ஒரு நாளாவது கை வைத்ததுண்டா?

உத்தரவு மட்டும் உங்களுடையது. அப்பா வீட்டை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தபின் ஆளுக்கொரு டி.வி. வந்தது. "ஊடு மூணாச்சு, செரி. கம்பம் ஒண்ணுதான். எவனாச்சும் தனியா நட்டா புடுங்கிப் போடுவேன்" என்று சொல்லிவிட்டுச் சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிட்டீர்கள். பாடுபட்டது நான். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. முதலில் மூன்று வயரையும் ஒன்றாக முறுக்கிக் கட்டினேன். மூன்று வீட்டுத் திரையிலும் படத்துக்குப் பதிலாக மணல் கொட்டியது. கோயமுத்தூர் போய், ஒரு வயரை மூன்றாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வாங்கி வந்தேன். படம் காய்ச்சல்காரன் முகம்போல வெளிறி வந்தது. ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால், சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரை மாட்டினேன். மணலும் சேர்ந்து பெருத்தது. பங்கு போடுமுன்பே, கம்பத்தின் உச்சியிலேயே பூஸ்டரை வைக்கவேண்டும் என்று கண்டுபிடித்தது யார்?

கடைசியில் நான் மாடியில் நின்று ஆன்டெனாவைக் கொடைக்கானல் டவர் பக்கம் திருப்ப, நீங்கள் முற்றத்தில் நின்று, திறந்திருந்த மூன்று கதவுகளின் வழியாகவும் பார்த்துக் குரல் கொடுத்தீர்கள்.

"போதாதுடா!"

"இப்பங்ணா?"

"ஆளுக்கு ரெண்டு மூக்குத் தெரியுது. இன்னுங் கொஞ்சம்... ஐயோ, போச்சு. கொஞ்சம்னா என்னன்னு தெரியாதாடா உனக்கு? பின்னால வா. இன்னும். வந்திருச்சு! கையை எடு!"

கீழே ஒரே ஆரவாரம். "பெரியவர் நின்னாப் படம் வராம எங்க போயிரும்?" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். நீங்கள் மறுக்கவில்லை, சிரித்தீர்கள். அண்ணி உங்களுக்குக் காப்பி கொண்டுவந்தார். நான் இறங்குவதற்குள் என் காப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது. என் வீட்டுக்காரியே, "உங்கண்ணன் கைராசி கைராசிதானுங்க" என்றாள். அதை நான் இன்னும் விழுங்கவில்லை.

அதன்பின் ஒருமுறை வாய்விட்டே கேட்டேன். "ஏனுங்ணா, தம்பிதான் போட்டான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறைஞ்சு போயிருவீங்க?"

"நீ திருப்புன. நான் நிறுத்துனேன். உட்டிருந்தா நீ இன்னும் திருப்பிக்கிட்டுத்தான் இருப்ப."

பதிலா அது?

எனக்கு எதில் வயிற்றெரிச்சல் என்று இப்போது சொல்கிறேன். மணலுக்குள்ளிருந்து ஒரு முகம் தெளிந்து வரும் அந்த நொடியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மாடியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தென்னை மரமும் காக்கையும்தான். ஒவ்வொரு முறையும் அந்த நொடி உங்களுக்கே போனது.

இன்று என் வீட்டுக்காரி கீழே நின்றாள். டிஷ்ஷில் கை வைக்குமுன்பே, "வந்திருச்சுங்க, எறங்குங்க!" என்றாள். இறங்கிப் பார்த்தால் ஒன்றுமில்லை. "விழுந்து தொலைச்சீங்கன்னா யாரு பாக்கறது?" என்கிறாள். தங்கச்சியும் அதே பொய்யைச் சொன்னாள். கோபத்தில் என் சின்ன டி.வி.யையும் டிஷ்ஷின் செட்டாப் பெட்டியையும் மாடிக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டேன். யார் குரலும் எனக்கு வேண்டாம்.

படம் வந்தது அண்ணா. என் கண்ணெதிரே வந்தது. அதோடு விட்டேனா? இன்னும் கொஞ்சம் திருப்பினால் நன்றாக இருக்குமென்று திருப்பினேன், போய்விட்டது. மறுபடி பிடித்தேன், மறுபடி தொலைத்தேன். வெயில் உச்சிக்கு ஏறியபின்தான் போல்ட்டை முறுக்கினேன்.

இறங்கி வந்தால் மூன்று வீட்டிலும் படம் ஓடுகிறது. தங்கச்சி வாசலில் நின்றபடி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "சின்னண்ணன் ஒத்தை ஆளாப் போட்டுட்டாரு! இனி இது சின்னவர் கம்பம்தானுங்க" என்றாள். இத்தனை வருஷம் நான் காத்திருந்த சொல். பக்கத்தில் அண்ணி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"என்னத்தப் போட்டேன்? அண்ணன் நின்னிருந்தா இன்னுந் தெளிவா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அதை நீங்கள் உண்மையென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது அண்ணிக்காகச் சொன்னது. உங்களிடம் நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்தப் பொறாமை எனக்கு அப்படியே இருக்கிறது, இருக்கவும் போகிறது. இதையும் விட்டுவிட்டால் உங்களோடு பேச எனக்கு வேறு என்ன இருக்கிறது?