திரையைப் பார்க்காத மூன்று பிள்ளைகள்

மாப்ளே,

இன்று காலை பத்து மணிக்கு உன் பெயர் என் கணினியில் வந்து நின்றது. பள்ளிகளுக்கிடையிலான வினாடி வினாவுக்காக வீடியோ கூட்டத்தைத் திறந்து, ஒவ்வொரு பள்ளியாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன். உன் பெயரைப் போட்டு, இவர் வெளியே காத்திருக்கிறார், அனுமதிக்கலாமா என்று கேட்டது திரை. போன ஆடியில் கண்ணை மூடியவன் நீ. உன் இடத்துக்கு வந்திருக்கும் புது டீச்சர் பள்ளியின் அதே பழைய லேப்டாப்பைத் திறந்திருக்கிறார், அதிலிருந்த பெயரை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான். ஆனால் அது உறைக்க எனக்கு அரை நிமிடம் ஆனது. அந்த அரை நிமிடமும் நீதான் வந்திருக்கிறாய் என்று நம்பினேன். படித்த மனுஷன் சொல்லக் கூடாத பேச்சுதான். உன்னிடம் சொல்வதற்கென்ன?

இந்தப் போட்டியே உன் பிடிவாதத்தில் பிறந்தது. பி.எட். படிக்கும்போது ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாம், வேலை கிடைத்ததும் ஒருவன் கீழே, ஒருவன் மேலே என்று ஆனோம். எனக்குப் போடி டவுனில் பள்ளி. உனக்குப் போடிமெட்டுப் பக்கம், ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் படிக்கிற சின்னப் பள்ளி. பிள்ளைகளைக் கீழே கூட்டி வா, ஒரு போட்டி வைப்போம் என்று நான் சொன்னபோது சிரித்தாய்.

"கூட்டியாரணும்னா ஒரு ஜீப்பு வேணும். வேலைக்குப் போறத விட்டுட்டு ரெண்டு ஆத்தாமாரு கூட வரணும். சரி, உன் பிள்ளைகள மேல கொண்டாந்தா, பாதிப்பேரு கொண்டை ஊசி வளைவுலயே வாந்தி எடுத்துருவாய்ங்க. பேசாம வீடியோவுல நடத்துடா."

நடத்தினோம். என் பள்ளி, டவுனில் இன்னொன்று, ராசிங்காபுரத்தில் ஒன்று, உன்னுடையது. முதல் வருடம் யார் முதலில் கை தூக்குகிறார்களோ அவர்களுக்குத்தான் கேள்வி என்று விதி வைத்தேன். மலையிலிருந்து படம் என்னிடம் வந்து சேர நாலு செகண்டு பிடிக்கும் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை. உன் பிள்ளைகள் கை தூக்கினது எனக்குத் தெரிவதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். ஒரு மதிப்பெண்கூட எடுக்காமல் கடைசியாக வந்தார்கள். நீ கோபப்படவில்லை. மறுநாள் போன் செய்து வழி சொன்னாய்: எல்லோரும் சிலேட்டில் எழுதட்டும், மணி அடித்ததும் சேர்ந்து தூக்கட்டும், முந்துகிறவனுக்கு என்று தனி மார்க்கு வேண்டாம்.

அடுத்த வருடம் அப்படியே செய்தோம். அதில்தான் நான் அந்த வார்த்தையை விட்டேன்.

அன்று உன் லேப்டாப்பின் ஸ்பீக்கர் மலை ஈரத்தில் ஊமையாகியிருந்தது. நீ காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, நான் கேட்பதைக் கேட்டு, உன் வாயால் பிள்ளைகளுக்குத் திருப்பிச் சொன்னாய். மணி அடித்தால் கீழே மூன்று சிலேட்டும் ஒன்றாக எழும். மலைச் சிலேட்டு மட்டும் ஆற அமரப் பின்னால் வரும். வந்தாலும் விடை சரியாக இருக்கும். ஒரு தடவை, ரெண்டு தடவை, ஐந்து தடவை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. எல்லாப் பள்ளியும் கேட்க மைக்கில் சொன்னேன்: "மலை ஸ்கூலு, மத்தவங்க சிலேட்டப் பாத்துட்டு எழுதுறதா இருந்தா இதுக்குப் பேரு போட்டியில்ல."

திரையில் உன் பெட்டிக்குள் நீ அசையவில்லை. நெட் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். பிறகு உன் மைக்கை அணைத்தாய். பிள்ளைகளிடம் குனிந்து ஏதோ சொல்வது தெரிந்தது, நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறாய் என்று நினைத்தேன். மூன்று பேரும் எழுந்தார்கள், பெஞ்சைப் பிடித்துத் திருப்பிப் போட்டார்கள், திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை இரண்டு பேர், கிராப்பு வெட்டிய ஒருவன், அவர்களுக்கு முன்னால் ஜன்னல், ஜன்னல் நிறைய மஞ்சு, வெள்ளைப் பனிமூட்டம். மைக்கைத் திறந்து, "ம், கேளு" என்றாய். அவ்வளவுதான் நீ பேசினது.

அடுத்த கேள்விக்கு அந்தப் பிள்ளைகள் சிலேட்டைத் தலைக்கு மேலே தூக்கியபோது, எழுதாத பக்கம் எனக்குத் தெரிந்தது. திருப்பிப் பிடிக்கச் சொல்ல எனக்கு நா எழவில்லை. நீயும் சொல்லவில்லை. ரெண்டு மதிப்பெண் போனது. அடுத்த கேள்வியிலிருந்து தாமாகவே எழுதிய பக்கத்தைத் திரைக்குக் காட்டிப் பிடித்தார்கள், அதற்கப்புறம் தவறவே இல்லை. யார் என்ன எழுதினார்கள், யார் முன்னால் இருக்கிறார்கள் என்று எதுவும் தெரியாமல், வெறும் உன் குரலைக் கேட்டு, மஞ்சைப் பார்த்துக்கொண்டு எழுதினார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தச் சிலேட்டு எழும்போது எனக்கு உடம்பு புல்லரித்தது. இருபது வருடம் வாத்தியாராக இருக்கிறேன், அறிவு அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கடைசிக் கேள்வியில் என் பள்ளியும் உன் பள்ளியும் சமம். இப்போது நாம் பார்க்கும் சூரியன் எத்தனை நிமிடத்துக்கு முந்தைய சூரியன் என்று கேட்டேன். என் பிள்ளைகள் ஒன்று என்று எழுதியிருந்தார்கள். நாலு செகண்டு கழித்து மலைச் சிலேட்டு எழுந்தது. எட்டு.

நீ தோளைத் தட்டித் திரும்பச் சொன்ன பிறகுதான் ஜெயித்தது அவர்களுக்குத் தெரிந்தது. திரும்பினால், திரையில் மூன்று பள்ளியும் எழுந்து நின்று கைதட்டுகிறது. தோற்ற என் பிள்ளைகள்தான் முதலில் எழுந்தவர்கள். நான் அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. தப்பு என்னுடையது என்று மைக்கில் நான் சொல்ல ஆரம்பித்தபோது மலையில் கரண்டு போய் உன் பெட்டி அணைந்துவிட்டது. கீழே உள்ளவர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

சாயங்காலம் போன் செய்தேன். நீ கேலியாகத்தான் ஆரம்பித்தாய். "சூரியனே எட்டு நிமிஷம் லேட்டாத்தான் வர்றான். எங்களுக்கு நாலு செகண்டு தர மாட்டியாக்கும்?"

"பிள்ளைகளத் திருடன்னு சொல்லிட்டேனேடா. அதுக மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"அதுக உன்னப் பத்தி நல்லாத்தான் பேசுதுக. மதி, போன வையி." போதும் என்பதற்கு மதி என்பாய், மலைக்குப் போனதிலிருந்து உன் நாக்கில் ஒட்டிய மலையாளம்.

சமாதானத்துக்குச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த போட்டியில் அந்தப் பிள்ளைகளிடமே மைக்கில் மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். அதற்குள் நெஞ்சுவலி என்று உன்னை ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். கீழே வந்து சேரும்போது நீ இல்லை.

இன்று அந்த மன்னிப்பைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். புது டீச்சருக்கு ஒத்தாசையாக அன்றைய இரட்டைச் சடைகளில் ஒருத்தி வந்திருந்தாள். இப்போது எட்டாம் வகுப்பாம். புது ஸ்பீக்கர் வந்திருக்கிறது. நான் வாய் திறப்பதற்குள் இந்த வருடப் பிள்ளைகள் தாமாகவே பெஞ்சைத் திருப்பினார்கள்.

"வேணாம்த்தா, அவங்க நேரா உக்காரட்டும்" என்றேன். "அன்னைக்கு உங்களத் திருப்பி உக்கார வச்சதுக்கு..."

அவள் மைக்குக்குப் பக்கத்தில் வந்தாள். "பரவால்ல சார். அன்னைக்கு எங்க சாரு சொன்னாரு. போடி சாருக்கு நம்ம மேல ரொம்ப மதிப்பு, இந்தப் பிள்ளைக பாக்காமலே எழுதுவாங்கன்னு மத்த ஸ்கூலுக்குக் காட்டணும்னு ஆசப்படுறாரு, திரும்பி உக்காருங்கன்னாரு. நீங்க கேட்டீங்கன்னுதான் சார் திரும்புனோம். அதுலருந்து எங்க ஸ்கூல்ல எல்லாரும் இப்படித்தான்."

மற்றப் பெட்டிகளில் இருந்த ஆசிரியர்கள் அன்று நான் பேசியதைக் காதாரக் கேட்டவர்கள். ஒருவர்கூட அவளைத் திருத்தவில்லை.

மாப்ளே, மைக்கை அணைத்து நீ குனிந்து பேசிய அந்தப் பத்து செகண்டில் இதையா செய்தாய்? நான் வீசிய சேற்றைப் பிள்ளைகள் மேல் படாமல் வாங்கி, பூவாக்கி, அதையும் என் கையால் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறாய். கோபம் வந்திருக்க வேண்டிய நேரத்தில் எங்கிருந்தடா உனக்கு அந்த மனசு வந்தது?

"ஆமாத்தா, நாந்தான் சொன்னேன்" என்றேன். முதல் கேள்வியைக் கேட்டேன்.

தாளைப் பையிலிருந்து எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு இறக்கி வைக்கலாம் என்றிருந்த பாரம் இனி என்னோடுதான். அதன் மேல், நீ எனக்காகச் சம்பாதித்து வைத்துவிட்டுப் போன நல்ல பேரும் இருக்கிறது. ரெண்டில் அதுதான் அதிகம் கனக்கிறது.