வேலிக்கு அந்தப் பக்கத்து வேகம்

செவ்வாய் இரவு. மழை விட்டுவிட்டது.

அக்கா வீட்டில் இணையம் பறக்கிறது. நடுவில் ஒரு வேலிதான். என் வீட்டில் மட்டும் மகளின் ஒன்லைன் வகுப்பு ஏன் நின்று நின்று வருகிறது என்று தொலைபேசிக் கம்பனியிலிருந்து லைன் பார்க்க வந்த தம்பியிடம் இன்று கேட்டே விட்டேன்.

"ரண்டும் செம்புக் கம்பிதான் அன்ரி. அவையின்ரை வீடு றோட்டிலை நிக்கிற எங்கடை லைன் பெட்டிக்குக் கிட்ட, அதாலை வேகமான வி.டி.எஸ்.எல். குடுத்தனாங்கள். உங்கடை கம்பி ஒழுங்கை, சந்தெல்லாம் சுத்தி வருது. அவ்வளவு தூரத்துக்கு அது எடுபடாது. வேகம் குறைஞ்ச பழைய ஏ.டி.எஸ்.எல்.தான் தாக்குப்பிடிக்கும்."

சீதனம் பிரித்தபோது றோட்டுக் காணி அக்காவுக்கு, நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள பின்காணி எனக்கு. அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள் அவள். இன்றைக்கு அவள் மகன் படம் பார்க்க அந்த வேகம். என் பிள்ளை பரீட்சைக்குப் படிக்க இந்த இழுவை.

பின்னேரம் வழக்கம்போல் அக்கா குடிதண்ணீருக்குக் குடத்தோடு வந்தாள்.

"மோட்டர் பழுது" என்றேன். பொய். வாய் கூசவேயில்லை.

"அதுக்கென்ன" என்று கிணற்றுக்குள் வாளியை விட்டுத் தானே அள்ளினாள். போகும்போது சொன்னாள்: "பிள்ளையை எங்கடை வீட்டிலை இருந்து படிக்க விடன். சாப்பாடும் நான் குடுக்கிறன்."

மகள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போய்விட்டாள். வகுப்பு எப்போதோ முடிந்திருக்கும். இன்னும் வரவில்லை. பெரியம்மாவோடு ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். அந்தச் சத்தம் மட்டும் வேலியைத் தாண்டி நிற்காமல் வருகிறது.