மூன்று மருக்கள்

சோமனூர்
10.1.1994

அன்புள்ள உம்மாவுக்கு, ஆஸிம் ஸலாம் சொல்லி எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் சுகம்.

இப்போது சரியாகிவிட்டதால் ஒன்று சொல்கிறேன். உள்ளங்காலில் மூன்று மரு வந்து, தறி முன்னால் நிற்கவே முடியவில்லை. ஆணி என்று நினைத்து பிளேடால் சீவினேன். அது இன்னும் பரவிவிட்டது. தறி முதலாளி லட்சுமணசாமிதான் இங்குள்ள டாக்டரம்மாவிடம் அனுப்பினார்.

"ஆணியில்லீங்க தம்பி, மரு. மரத்துப்போக ஊசி போட்டுச் சுட்டா போயிருமுங்க. கூட ஆரு வந்திருக்காங்க?"

தனியாள் என்றால் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயந்து, "உம்மா வெளியே இருக்காங்க" என்றேன். நர்ஸம்மா போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"செரி கண்ணு, இவங்க கையைப் புடிச்சுக்குங்க" என்றார் டாக்டரம்மா. பிடித்துக்கொண்டேன்.

புண் ஆறிவிட்டது. நேற்று லீவு. கோயம்புத்தூர் போகலாமென்று பஸ்ஸைத் துரத்தி ஓடி ஏறினேன். அது திருப்பூர் பஸ். ஓட முடிந்த சந்தோஷத்தில் பேசாமல் திருப்பூருக்கே டிக்கெட் எடுத்துவிட்டேன்.

மேலப்பாளையத்திலிருந்து யாராவது வந்தால், நீங்கள் இடிக்கும் மிளகுப்பொடி கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். இங்கே கடையில் கிடைக்கிறது. இருந்தாலும் அனுப்புங்கள்.

ஷிப்டுக்கு மணியடித்துவிட்டார்கள்.

உங்கள் மகன்
ஆஸிம்