கேட்டுக்குள் நின்ற படகுகள்

நவம்பர் 9

மழை விடவில்லை. ஆற்றங்கரைத் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர். அக்காவை எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். "அத்தானோட ஆக்சிஜன் மெஷினைத் தூக்கிட்டு எங்கடி அலையறது? மாடியிலயே இருந்துக்கறோம்" என்றாள். பிடிவாதத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

நவம்பர் 10

காலை ஒன்பதரைக்கே ராணுவ முகாமிலிருந்து கேப்டன் எங்கள் வெள்ள நிவாரண ஆபீஸுக்கு அழைத்தார். பத்துப் படகுகளை லாரியில் ஏற்றியாயிற்றாம். "நீங்க எழுத்துல கேட்டா பத்து நிமிஷத்துல கிளம்பிடுவோம் மேடம். கேக்காம நாங்க கேட்டைத் தாண்ட முடியாது."

பத்து மணிக்குக் கடிதத்தைத் தட்டச்சு செய்து 'நாளைக்கு' சாரின் மேசையில் வைத்தேன். எங்கள் அதிகாரிக்கு ஆபீஸே சேர்ந்து வைத்த பெயர். படித்தார். ஃபைலை மூடினார். "ராணுவத்தைக் கூப்பிட்டா நம்மால முடியலன்னு ஆயிடும்மா. மேல ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

மேலே இருப்பவர் கூட்டத்தில். அப்புறம் சாப்பாட்டில். கேப்டன் நான்கு முறை அழைத்தார். "சார் பாத்துட்டிருக்கார்" — நான்கு முறையும் இதே கிளிப்பிள்ளைப் பேச்சு.

பன்னிரண்டு மணிக்கு அக்கா போனில்: கரண்ட் போச்சு, பேட்டரி ரெண்டு மணி நேரம்தான் தாங்கும். சாரிடம் சொன்னேன். சொன்னேன், அவ்வளவுதான். கத்தியிருக்க வேண்டாமா நான்?

கையெழுத்தானது நாலு இருபதுக்கு. நாலே முக்காலுக்குப் படகு அக்கா வாசலில் நின்றது. அத்தான் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது.

நவம்பர் 11

ஒரு சிப்பாய்தான் அவரை மாடியிலிருந்து தூக்கி வந்தாராம். தலை எங்கும் இடிக்காமல் பார்த்துக்கொண்டாராம். அக்கா இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

நவம்பர் 13

சார் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு படகில் ஏறினார். கேமராக்காரருக்கு இடம் வேண்டுமென்று இரண்டு பெண்களை இறக்கினார்கள். பிஸ்கட் பாக்கெட்டை நீட்டியபடி ஒரு சிரிப்பு வேறு. தூ.

நவம்பர் 16

படகுகள் ஏன் தாமதம் என்று பத்திரிகைகள் கேட்கின்றன. சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "ரெஜிஸ்டர்ல கடிதம் போன நேரத்தைப் பத்து இருபதுன்னு மாத்திடும்மா. ராணுவத்துக்காரங்கதான் லேட்டுன்னு முடிஞ்சிடும்." ரெஜிஸ்டரை என் பக்கம் நகர்த்தினார். "உனக்கும் நல்லதுதானே? கடிதம் இங்கயே கிடந்துச்சுன்னு உன் அக்கா காதுக்குப் போனா என்ன ஆகும், யோசி."

அவர் கேட்டது அசிங்கம். அதைவிட அசிங்கம், நான் பேனாவைக் கையில் எடுத்தது. எடுத்தேன்தானே? கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன்தானே?

நவம்பர் 17

திருத்தவில்லை. முடியாது என்று சொல்லவும் இல்லை.

நவம்பர் 19

அக்கா கேப்டனைச் சபிக்கிறாள். "முகாம் கூப்பிடு தூரம்டி. பகல் பூரா என்ன புடுங்கிட்டு இருந்தானுங்க?" நான் அவளுக்குச் சாதம் போட்டுக்கொண்டிருந்தேன். வாயில் கொழுக்கட்டையா என்று யாராவது என்னைக் கேட்டிருக்கலாம்.

நவம்பர் 24

விசாரணை. எதிரே கேப்டன், தொப்பி மடியில். பின்வரிசையில் அக்கா.

பத்து மணிக்குக் கடிதம் மேசையில் இருந்தது, நாலு இருபதுக்குத்தான் போனது என்றேன். நேரத்தை மாற்றச் சொன்னதையும் சொன்னேன். சார் கைக்குட்டையைத் தேடினார்.

"நடுவுல அந்த ஆறு மணி நேரம் நீங்க எங்க இருந்தீங்க?" விசாரணை அதிகாரி கேட்டார்.

"அதே ரூம்லதான்."

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

நவம்பர் 26

சாருக்கு ஒரு மாத விடுப்பு. தண்டனையாம்! கேப்டன் போனில் நன்றி சொன்னார். எனக்கெதற்கு நன்றி?

நவம்பர் 29

அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டினேன். உள்ளே அவள் நடந்து வரும் சத்தம் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நானும் நின்றேன். அப்புறம் திரும்பி உள்ளே போய்விட்டாள்.